உன் இஷ்டம்

12 பிப்ரவரி 2023

அன்புள்ள அண்ணனுக்கு,

பிரிசில்லா எழுதுவது. கர்த்தர் தயவில் நாங்கள் இருவரும் இங்கே சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அண்ணி சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா, இல்லை கிறிஸ்துமஸ் பலகாரம் இன்னும் டப்பாவில் மிச்சம் இருக்கிறதா? சௌந்தர்யாவுக்கு அத்தையின் முத்தம்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் "ஆங்", "சரி", "வெச்சுடவா" என்பதற்கு மேல் நீ பேசி நான் கேட்டதில்லை. நான் வேலூர் ஹாஸ்டலில் இருந்த காலத்திலிருந்தே உன்னிடம் பேச்சு வாங்க எனக்குத் தபால்தான் வழி. அதனால் செய்தி தபாலில் வருகிறது. உட்கார்ந்து படி.

நான் நீதிபதியாவதற்குத் தேர்தலில் நிற்கிறேன். எழுத்துப் பிழை இல்லை, தேர்தல்தான். நம் ஜில்லா மாதிரி இங்கே அமெரிக்காவில் கவுண்டி என்று ஒன்று. எங்கள் கவுண்டியில் குடும்ப வழக்குக்கும் சிறார் வழக்குக்கும் சேர்த்து ஒரே நீதிபதி, அவரை ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். விவாகரத்தில் பிள்ளை யாரிடம் இருப்பது, அடிபட்ட பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பது, தப்புச் செய்த பையனை என்ன செய்வது, எல்லாம் அந்த ஒரு நாற்காலிக்கு வந்து சேரும். இத்தனை வருஷம் அந்த நாற்காலிக்கு முன்னால் நின்று பிள்ளைகளுக்காக வாதாடினேன். உட்கார்ந்து பார்த்தால் என்ன என்று தோன்றிவிட்டது. உன் தங்கைக்கு எப்போதும் கொஞ்சம் ஆசை ஜாஸ்திதானே.

நவம்பரில் ஓட்டு. வீட்டு வாசல் புல்வெளிகளில் என் பெயர் எழுதிய பலகைகளை இப்போதே நட ஆரம்பித்துவிட்டார்கள். நம் அப்பா பெயரும் அதில் சேர்ந்தேதான் இருக்கிறது. இங்கே ஒருத்தருக்கும் அதை உச்சரிக்க வரவில்லை.

உன் பதிலுக்காக வழி பார்க்கும்,
பிரிசில்லா


ஆம்பூர்
9 மார்ச் 2023

பிரியமுள்ள தங்கை பிரிசில்லா பாப்பாவுக்கு,

அண்ணன் பிரேம்நாத்தின் வாழ்த்து. மாப்பிள்ளையும் நீயும் நல்ல சுகத்தோடு இருக்க தினமும் ஜெபிக்கிறோம். என் கால் பரவாயில்லை. அண்ணி மாத்திரை போடுகிறாள். பலகாரம் தீர்ந்துவிட்டது. தீர்த்தது யார் என்று எழுதினால் வீட்டில் சண்டை வரும்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை ஷூ கம்பெனிக்கு எடுத்துப்போய், தோல் வெட்டுகிற கட்டிங்கில் என் பக்கத்து மெஷினில் நிற்கும் அப்துல் ஹமீத் பாய்க்குப் படித்துக் காட்டினேன். "ஜட்ஜே ஓட்டுக் கேட்டு வூட்டுக்கு வந்தா, அப்பறம் ஓட்டுப் போடாதவன் கேஸு இன்னா ஆவும்? அது கெடக்கட்டும், உன் தங்கச்சிக்கு இன்னா சின்னம்?" என்று கேட்டார். சின்னம் உண்டா, எழுது. அவர் அதற்காகக் காத்திருக்கிறார்.

அப்பா பெயர் அமெரிக்காவில் புல்வெளியில் நிற்கிறது என்று அண்ணியிடம் சொன்னேன். "உயிரோட இருக்கறப்ப அவரு நின்ன எடத்துல புல்லே மொளைக்காது" என்றாள். கோபித்துக்கொள்ளாதே, சிரிப்பாகத்தான் சொன்னாள்.

சௌந்தர்யாவுக்குக் காவேரிப்பாக்கத்திலிருந்து ஒரு இடம் வந்திருக்கிறது. பையன் பெயர் ராஜேஷ். ராணிப்பேட்டையில் கம்பெனி வேலை. அப்பா ஓய்வு பெற்ற வாத்தியார், அவர்கள் சபையில் செயலாளர். ஒழுங்கு பார்க்கிற குடும்பம். போட்டோ பார்த்துவிட்டு சௌந்தர்யா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் போட்டோவைத் திருப்பித் தரவும் இல்லை. எல்லாம் கூடி வர நீயும் ஜெபம் செய்.

உன் அண்ணன்,
பிரேம்நாத்


4 ஏப்ரல் 2023

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் சுகமா? அங்கே வெயில் தொடங்கியிருக்கும், தொப்பி இல்லாமல் வெளியே போகாதே. பாயிடம் சொல், சின்னம் கிடையாது, வெறும் பெயர்தான். காவேரிப்பாக்கத்துச் செய்தி கேட்டு மனசெல்லாம் நிறைந்துவிட்டது. போட்டோவைத் திருப்பித் தராத பெண்ணுக்கு வேறு மாப்பிள்ளை பார்க்கிற சிரமம் வேண்டாம்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். முதலில் நிலவரத்தைச் சொல்கிறேன். எனக்கு எதிராக நிற்பவர் இப்போது அந்த நாற்காலியில் இருக்கும் நீதிபதி. நல்ல மனிதர், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் கையைத் தூக்கி வணக்கம் சொன்னாலே போதும். என்னைப் பார்த்தால் "இந்த அம்மா யார்?" என்கிறார்கள். என் பிரசாரத்தைக் கவனிக்கும் பெண் சொல்கிறாள், "சட்டம் பேசாதே. பிள்ளைகள் விஷயத்தில் உனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று சொல், அதற்குத்தான் ஓட்டு விழும்."

ஏன் என்று உனக்குத் தெரியும். நாம் இருவரும் இதைப் பற்றிப் பேசியதே இல்லை. உனக்குப் பதினாலு வயது, எனக்கு ஒன்பது. சினிமாக் கொட்டகை வாசலில் நின்ற சைக்கிளை நீயும் உன் தோஸ்துகள் இரண்டு பேரும் எடுத்துக்கொண்டு போய் பேரணாம்பட்டு ரோட்டில் மாட்டினீர்கள். அவர்கள் இருவரும் உடனே வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நீ மட்டும் ஒரு வருஷம் அந்தச் சிறுவர் சீர்திருத்த ஹோமில் இருந்தாய். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு புளிச்சோறு கட்டி எடுத்து வருவாள். நீ சோற்றைச் சாப்பிடுவாய், ஒரு வார்த்தை பேச மாட்டாய். ஊரில் எல்லாரிடமும் "ஓசூர்ல சித்தப்பா வூட்ல படிக்கிறான்" என்று சொன்னோம். இன்றைக்கு வரை அதைத்தான் சொல்கிறோம். சௌந்தர்யாவுக்குக்கூடத் தெரியாது.

அதை நான் மேடையில் சொல்லட்டுமா? உன் பெயரைச் சொல்ல மாட்டேன், "என் அண்ணன்" என்று மட்டும். நீ சரி என்றால்தான் சொல்வேன். வேண்டாம் என்றால் அந்தப் பேச்சு இந்தக் கடிதத்தோடு முடிந்தது.

பாசத்துடன்,
பிரிசில்லா


ஆம்பூர்
29 ஏப்ரல் 2023

பிரியமுள்ள பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே அனைவரும் சுகம். அங்கே நீங்கள் சுகமாயிருக்க கர்த்தரை வேண்டுகிறோம். வெயில் இந்த வருஷம் தாங்க முடியவில்லை. கட்டிங் ஹாலில் ஃபேன் சுற்றுகிறது, காற்றுதான் வருவதில்லை. எனக்குப் பழகிவிட்டது, அண்ணிக்குத்தான் தலைவலி. கரண்ட் வேறு சாயங்காலமானால் போய்விடுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை காவேரிப்பாக்கத்துக்காரர்கள் வந்து சௌந்தர்யாவைப் பார்த்துப் போனார்கள். அண்ணி பிரியாணியும் கத்திரிக்காய்த் தொக்கும் செய்தாள். பையன் தலை நிமிரவில்லை, ஆனால் மூன்று தடவை போட்டுக்கொண்டான். வாத்தியார் எல்லாவற்றையும் விவரமாக விசாரிக்கிறவர். "நீங்க எங்க படிச்சீங்க?" என்று என்னைக் கேட்டார். வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். "ஓசூர்ல எந்த ஸ்கூலு? அங்க எனக்குத் தெரிஞ்ச வாத்தியாருங்க இருக்காங்க" என்றார். அண்ணி அந்த நேரம் பார்த்துத் தொக்கு இன்னும் கொஞ்சம் வைத்தாள். அவர்களுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. வீட்டில் கலந்து பேசிச் சொல்வதாகப் போயிருக்கிறார்கள்.

அவர்கள் ஊர் ஏரியில் இன்னும் தண்ணீர் இருக்கிறதாம். மாம்பழம் இந்த வருஷம் கம்மி.

நீ கேட்டிருந்தது. நீ படித்தவள், உலகம் தெரிந்தவள். உன் இஷ்டம்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அண்ணன்,
பிரேம்நாத்


25 மே 2023

என் அன்பு அண்ணனுக்கு,

நலம்தானே? உன் கடிதம் வந்த அன்று உன்னை நினைத்து அழுதேன். இவ்வளவு பெரிய விஷயத்தை இவ்வளவு சுலபமாக என் கையில் கொடுத்துவிட்டாய். உன் மனசு யாருக்கு வரும்?

போன வாரம் இங்கே ஒரு சர்ச் ஹாலில் இரண்டு வேட்பாளரையும் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். என் முறை வந்ததும் எழுதி வைத்திருந்ததை மூடிவிட்டு உன்னைப் பற்றிச் சொன்னேன். சைக்கிள், அந்த ஹோம், புளிச்சோறு. "ஒரு வருஷம் முழுக்க என் அண்ணனிடம் 'உனக்கு என்ன வேண்டும்' என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கிற நீதிபதியாக நான் இருப்பேன்" என்று முடித்தேன். ஹாலில் எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். எனக்கு எதிராக நிற்கும் நீதிபதியே வந்து கை கொடுத்தார்.

வீடியோவைப் போட்டிருக்கிறோம். எக்கச்சக்கமான பேர் பார்த்துவிட்டார்கள். இப்போது கடையில் என்னைப் பார்த்தால் "உன் அண்ணன் எப்படி இருக்கிறார்?" என்று கேட்கிறார்கள். ஜெயித்துவிடுவேன் போலிருக்கிறது, அண்ணா. ஜெயித்தால் அது உன்னால்தான்.

அண்ணிக்கும் சௌந்தர்யாவுக்கும் அன்பு. காவேரிப்பாக்கத்திலிருந்து பதில் வந்ததா?

உன் செல்லத் தங்கை,
பிரிசில்லா


20 ஜூலை 2023

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் யாரும் சுகமில்லாமல் இல்லையே? இரண்டு மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. போன் செய்தால் சௌந்தர்யா எடுத்து, "அப்பா டூட்டியில இருக்காரு அத்தை" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமையும் டூட்டியா என்று கேட்டேன். "ஆமா அத்தை" என்றாள். முன்பெல்லாம் போனை விடாமல் பேசுகிற பெண் அவள்.

காவேரிப்பாக்கம் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. என்ன நடக்கிறது? கால் வலியா? நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? ஒரு வரி எழுதினால் போதும்.

பயத்தோடு,
பிரிசில்லா


ஆம்பூர்
8 ஆகஸ்ட் 2023

நாத்தனார் பிரிசில்லாவுக்கு,

அண்ணி அமிர்தவள்ளி எழுதுவது. சுகம் விசாரிக்க மனசு வரவில்லை. ஆனாலும் முறையை விடக் கூடாது. சுகமா?

உன் அண்ணன் எழுத மாட்டார். அதனால் நான் எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, வாயில் வந்ததைத்தான் எழுதுவேன்.

உன் வீடியோ நம் சபை வாட்ஸ்அப்பில் வந்தது. யாரோ புண்ணியவான் கீழே தமிழில் வேறு எழுதிப் போட்டிருந்தான், "ஆம்பூர்ப் பெண் அமெரிக்காவில் நீதிபதி" என்று. சபைப் போதகர் ஐயர் பிரசங்கத்தில் உன் பெயரைச் சொல்லி எல்லாரையும் கை தட்டச் சொன்னார். அவர் முழுசாகப் பார்க்காமல் சொல்லிவிட்டார். பார்த்தவர்கள் தட்டிக்கொண்டே எங்கள் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள். "என் அண்ணன்" என்றாயே, உனக்கு எத்தனை அண்ணன் இருக்கிறார்கள்?

சௌந்தர்யா அதைக் கம்பெனி பஸ்ஸில் கூட வேலை செய்கிற முபஷ்ஷிராவின் போனில் பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "அப்பா, ஓசூர்ல எந்த ஸ்கூல்ப்பா?" என்று கேட்டாள். உன் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். அன்றிலிருந்து ஓவர்டைம் கேட்டு வாங்கிச் செய்கிறார், பெற்ற பெண் முகத்தைப் பார்க்க முடியாமல். காவேரிப்பாக்கத்து வாத்தியாரிடமிருந்து போனே இல்லை. நான் செய்தால் "யோசிச்சிட்டிருக்கோம்மா" என்கிறார். தொக்கைப் போட்டு மூடின ஓசூர் இப்போது அவர் மடியில் உட்கார்ந்திருக்கிறது.

நீ கேட்டுவிட்டுத்தான் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். உன் கடிதத்தைப் படித்தேன். அவர் என்ன பதில் எழுதினார் என்று கேட்டேன். "உன் இஷ்டம்னு எழுதினேன்" என்றார்.

ஏம்மா, அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கு மறந்துவிட்டதா? கல்யாணமான புதிதில் "மஞ்சள்ல ஒரு புடவை எடுக்கட்டுமா?" என்று கேட்டேன். "உன் இஷ்டம்" என்றார். எடுத்து வந்தேன். அதைக் கட்டின நாளெல்லாம் அவர் தட்டைப் பார்த்தே சாப்பிட்டார், என்னைப் பார்க்கவில்லை. அதன் பிறகு அந்த வார்த்தை காதில் விழுந்தால் நான் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிடுவேன். அவருக்குச் சம்மதம் என்றால் "சரி" என்பார். வேண்டாம் என்றால் "உன் இஷ்டம்". வேண்டாம் என்று சொல்ல அந்த மனுஷனுக்கு வேறு வார்த்தை கிடையாது. நான் வெளியிலிருந்து வந்தவள், எனக்கே ஒரு புடவையில் புரிந்துவிட்டது. நீ கூடப் பிறந்தவள்.

பிள்ளைகள் சொல்லாததையெல்லாம் கண்டுபிடிக்கிற வக்கீல் என்று உன்னைப் பற்றி ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன்.

அமிர்தவள்ளி


28 ஆகஸ்ட் 2023

அண்ணா,

சுகமா என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. அண்ணியின் கடிதம் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் சமையலறையில் நின்றேன் என்று தெரியவில்லை.

வீடியோவை எடுத்துவிட்டேன். மற்றவர்கள் போனில் இருப்பதை எடுக்க என்னால் முடியாது. இனி எந்த மேடையிலும் அதைச் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பிரசாரம் பார்க்கிற பெண் கத்தினாள், "ஜெயிக்கிற ஒரே விஷயத்தைத் தூக்கிப் போடுகிறாயே" என்று. போன கூட்டத்தில் ஒருவர் எழுந்து அண்ணனைப் பற்றிக் கேட்டார். "அது என் அண்ணனுடைய விஷயம். நான் அவரைச் சரியாகக் கேட்காமல் சொல்லிவிட்டேன்" என்றேன். யாரும் கை தட்டவில்லை.

சிறார் நீதிமன்றத்துக்கு வந்த பிள்ளையின் அடையாளத்தை வெளியே விடக் கூடாது, வளர்ந்த பிறகும் அது அவன் பின்னால் வரக் கூடாது. புதிதாக வருகிற வக்கீல்களுக்கு இதை நான்தான் பாடம் எடுக்கிறேன். என் வீட்டுப் பிள்ளை என்றதும் எனக்கு உரிமை இருப்பதாக நினைத்துவிட்டேன்.

உண்மையைச் சொல்கிறேன். வாத்தியார் ஓசூர் பற்றிக் கேட்டதை நீ எழுதியிருந்தாயே, அதைப் படித்தபோதே சுருக்கென்றது. கடைசி வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்குச் சம்மதம் வேண்டியிருந்தது, அதனால் அதைச் சம்மதமாகப் படித்துக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது, அண்ணா. மன்னித்துவிடு என்று கேட்டால் அதற்கும் நீ அதே வார்த்தையை எழுதுவாய் என்று பயமாக இருக்கிறது. அதனால் கேட்கவில்லை.

பிரிசில்லா


ஆம்பூர்
2 அக்டோபர் 2023

பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே சுகம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். மழை நன்றாகப் பெய்கிறது.

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம் கோபம். உன் மேல் கோபம் இருந்தது. இருந்தது என்று எழுதிவிட்டேன், முழுக்கப் போய்விடவில்லை. தங்கச்சி என் வாயைப் பிடுங்கி அவள் வாயில் வைத்துக்கொண்டு பேசிவிட்டாளே என்று இருந்தது.

வீடியோவை நான் பார்த்தேன். ஹமீத் பாயின் போனில், டீ டைமில். நன்றாகப் பேசினாய். ஆனால் ஒன்று தப்பாகச் சொன்னாய். யாரும் கேட்கவில்லை என்றாய். கேட்டார்கள், பாப்பா.

எங்கள் மூன்று பேரையும் அந்தக் கோர்ட்டு ஐயா முன்னால் நிறுத்தினார்கள். மற்ற இருவரும் "வூட்டுக்குப் போறோம் சார்" என்று தரையில் விழுந்து அழுதார்கள். என்னிடம் அவர் அன்பாகத்தான் கேட்டார். "நீ வீட்டுக்குப் போறியா தம்பி, இல்ல இங்கயே தங்கிப் படிக்கிறியா?" அப்பா சுவர் ஓரமாக நின்றிருந்தார். அம்மாவை அவர் கூட்டி வரவில்லை. எனக்கு இது வேண்டும் என்று ஒரு பெரியவரிடம் அதுவரை நான் சொன்னதே இல்லை. நம் வீட்டில் சொன்னால் என்ன கிடைக்கும் என்று உனக்கே தெரியும். "உங்க இஷ்டம் சார்" என்றேன். மரியாதை தெரிந்த பையன் என்று சிரித்தார். பையனுக்குத் தங்கிப் படிக்க விருப்பம் என்று எழுதச் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே பஸ் ஏறியிருப்பேன். நீங்கள் புளிச்சோறு கொண்டு வரும்போதெல்லாம் அதை நினைத்துத்தான் வாயை மூடிக்கொண்டு தின்றேன். வாயைத் திறந்தால் அழுகை வரும்.

இதை இதுவரை யாருக்கும் சொல்லவில்லை. போன மாதம் சௌந்தர்யாவுக்குச் சொன்னேன். அவள் விடவில்லை. ஓவர்டைம் முடிந்து வரும்போது கம்பெனி கேட்டிலேயே நின்றிருந்தாள். நடந்துகொண்டே சொன்னேன். அவள் அழவில்லை. பாதி வழியில் என் டிபன் பையை வாங்கிக்கொண்டாள், அவ்வளவுதான். மறுநாள் எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் அந்தப் பையனுக்கு அவளே போன் போட்டுவிட்டாள். "எங்கப்பா பதினாலு வயசுல ஒரு வருஷம் ஹோம்ல இருந்தாரு. சைக்கிள் கேஸு. ஓசூர்னு சொன்னது பொய்யி. எங்க வூட்டுப் பெரியவங்க மாதிரி நீங்களும் இழுத்துட்டு இருக்காதீங்க. வேணுமா வேணாமா, சொல்லுங்க" என்றாளாம். அண்ணி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டு நடுங்கிப் போனாள்.

அவன் "வேணும்" என்றானாம். அவன் அப்பா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

தேர்தலில் நீ ஜெயிக்க ஜெபிக்கிறேன். அது கோபத்தில் சேர்த்தி இல்லை.

அண்ணன்,
பிரேம்நாத்


20 நவம்பர் 2023

என் அன்பு அண்ணனுக்கு,

உன் கடிதத்தை வாசலில் நின்றபடியே படித்தேன். உன் கோபம் மிச்சமிருக்கிறது என்று நீ எழுதியதுதான் எனக்கு ஆறுதலாக இருந்தது. அதை என்னிடம் சொன்னாயே. சௌந்தர்யாவை இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. அண்ணிக்கு உடம்பு எப்படி? நாங்கள் சுகம்.

நான் தோற்றுவிட்டேன். கொஞ்ச ஓட்டில்தான். இரண்டு நாள் அழுதேன், மூன்றாம் நாள் புல்வெளிப் பலகைகளைப் பிடுங்கி வந்து கார் ஷெட்டில் அடுக்கினேன். என் வீட்டுக்காரர் நம் அப்பா பெயர் மேலே தெரிகிற மாதிரி வைத்திருக்கிறார். பாயிடம் சொல், சின்னம் இருந்திருந்தால் ஜெயித்திருப்பேனோ என்னவோ.

தோற்ற மறு வாரமே அதே நீதிபதிக்கு முன்னால் ஒரு வழக்கு. எட்டு வயதுப் பெண் குழந்தை, அவளுக்கு நான் வக்கீல். அப்பாவிடம் போகிறாயா, அத்தையிடமே இருக்கிறாயா என்று நீதிபதி கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். அவள் தோளைக் குலுக்கி "வாட்டெவர்" என்றாள். இங்கே பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் அந்த வார்த்தையைத்தான் சொல்லும். எதுவானாலும் சரி என்று அர்த்தம். நீதிபதி தலையாட்டிவிட்டு எழுதப் பேனாவை எடுத்தார்.

நான் எழுந்துவிட்டேன். "ஐயா, அவள் இன்னும் பதில் சொல்லவில்லை" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். அந்த சர்ச் ஹாலில் நான் பேசியது அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சரி, நேரம் எடுத்துக்கொள்ளட்டும்" என்றார். பக்கத்து அறையில் அவளோடு தரையில் உட்கார்ந்தேன். எது வேண்டும் என்று கேட்கவே இல்லை. காலையில் எழுந்ததும் யார் முகத்தைப் பார்ப்பாய், பல் தேய்க்கும்போது பக்கத்தில் யார் நிற்பார்கள், இப்படியே பேசிக்கொண்டிருந்தோம். வெகு நேரம் கழித்து என் காதுக்குள் சொன்னாள்.

என்ன சொன்னாள் என்று உனக்கு எழுத மாட்டேன். அது அவளுடையது.

பாசத்துடன்,
பிரிசில்லா


ஆம்பூர்
15 டிசம்பர் 2023

பிரியமுள்ள பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதுவது. உனக்கும் மாப்பிள்ளைக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து. இங்கே எல்லாரும் சுகம். அண்ணி முறுக்குச் சுட்டுக்கொண்டிருக்கிறாள், மாத்திரை டப்பாவும் முறுக்கு டப்பாவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நீ தோற்றதற்கு ஹமீத் பாய்தான் அதிகம் வருத்தப்பட்டார். "கத்திரிக்கோல் சின்னம் வாங்கியிருக்கலாம்" என்கிறார்.

காவேரிப்பாக்கத்துக்கு நானே போய் வந்தேன். வாத்தியாரை நேரில் பார்த்து, "ஓசூர் இல்ல சார், நான் ஹோம்ல இருந்தேன்" என்று சொன்னேன். அவர் ஏரிப் பக்கம் பார்த்தபடி, "பொய் சொன்னதுதான் சார் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு" என்றார். இன்னும் என்னோடு அவ்வளவாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் தேதி குறித்துவிட்டார். பிப்ரவரி மூன்றாம் தேதி, சனிக்கிழமை, நம் சபையில் கல்யாணம். பையன் இப்போது தலை நிமிர்ந்து பேசுகிறான். சௌந்தர்யாவிடம் அவனுக்குக் கொஞ்சம் பயம் இருக்கிறது, அது நல்லதுதான்.

மஞ்சளில் ஒரு பட்டு எடுக்கலாம் என்று அண்ணி கேட்டாள். மஞ்சள் வேண்டாம் என்று சொன்னேன். கடையில் அத்தனை பேர் முன்னால் உட்கார்ந்து சிரித்தாள்.

உனக்கு அங்கே கோர்ட்டு இருக்கும், லீவு கிடைக்காது, பனி நேரம், தூரம் வேறு. அதனால் இதற்கு மேலே ஒரு வரி எழுதியிருந்தேன், வருவது உன் இஷ்டம் என்று. எழுதிவிட்டு அடித்திருக்கிறேன் பார். அடித்தது உனக்குத் தெரியட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை.

வா, பாப்பா. நீ வர வேண்டும்.

உன் அண்ணன்,
பிரேம்நாத்